ஒரே பழைய டெஸ்க்டாப்ல மூணு காப்பி: குளஸ்டர் போட்டு, ஒடச்சு, சரி பண்ணிப் பாக்குறது எப்படி

டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டம் (பல மெஷின்ல இருக்குற டிஸ்க்க சேத்து ஒரே ஃபோல்டர் மாதிரி காட்டுற அமைப்பு) கத்துக்கணும்னா மூணு நாலு சர்வர் வேணும், கோயமுத்தூர் இறங்கி ஏதாவது கோர்ஸ்ல சேரணும்னு நெனச்சு நம்ம மலைப் பக்கம் நெறைய பசங்க தொடங்காமலே விட்டுடறாங்க. தேவையே இல்லைங்க. கோத்தகிரியிலயோ குன்னூர்லயோ வீட்ல சும்மா கெடக்குற ஒரு டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், ஒரு 10 ஜிபி காலி இடம், மேல உபுண்டு 22.04 இல்லன்னா டெபியன் 12, இது போதும். குளஸ்டர்எஃப்எஸ்ங்கற (சுருக்கமா குளஸ்டர்) ஃபைல் சிஸ்டத்த எடுத்து, ஒரே மெஷின்ல மூணு டிஸ்க் இருக்குற மாதிரி செட் பண்ணி, மூணுலயும் காப்பி விழ வெச்சு, அப்புறம் ஒண்ணொண்ணா கொன்னு பாக்கப் போறோம். அந்த கொல்ற பகுதிதான் முக்கியம். இன்ஸ்டால் பண்ணி மவுண்ட் ஆயிடுச்சுன்னு நிறுத்துறவங்கதான் அதிகம், ஆனா ஒரு டிஸ்க் செத்தா என்ன நடக்கும்னு கண்ணால பாக்காத வரைக்கும் உங்களுக்கு அந்த சிஸ்டம் தெரியும்னே சொல்ல முடியாது.

எதுக்கு குளஸ்டர்எஃப்எஸ்? செஃப்னு இதே மாதிரி இன்னொரு சிஸ்டத்த எடுத்தா இப்ப கம்பெனிகள்ல அதுதான் அதிகம் ஓடுது, ஆனா அதுல ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் (ஒரு டிஸ்க்க பாத்துக்கற புரோகிராம்) டீஃபால்ட்டா 4 ஜிபி மெமரி டார்கெட் வெச்சிருக்காங்க, மூணு ஓஎஸ்டி போட்டா பழைய டெஸ்க்டாப் மூச்சு தெணறிடும். ஹடூப்போட ஹெச்டிஎஃப்எஸ் நல்லதுதான், ஆனா ஜாவா வேணும், உள்ள போட்ட ஃபைல நடுவுல திருத்த முடியாது, சாதாரண ஃபோல்டர் மாதிரி பழக முடியாது. குளஸ்டர்ல மெட்டாடேட்டாவுக்குன்னு (ஃபைல பத்தின விவரத்துக்குன்னு) தனி சர்வர் கெடையாது, எந்த ஃபைல் எங்க இருக்குங்கறத பேர ஹேஷ் பண்ணியே (ஒரு நம்பரா மாத்தியே) கண்டுபிடிக்குது, அதவிட பெரிய வசதி என்னன்னா உள்ள போன ஃபைல் டிஸ்க்ல முழு ஃபைலாவே கெடக்கும், எல்எஸ் அடிச்சா கண்ணுக்குத் தெரியும். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது மாதிரி வேற இல்லைங்கறது என் கருத்து. இத ஆரம்பிச்ச ஏ.பி. பெரியசாமி நம்ம அண்ணாமலை யுனிவர்சிட்டியில படிச்சவரு, 2011-ல ரெட் ஹேட் இந்த கம்பெனிய வாங்குச்சு, ரெட் ஹேட்டோட கட்டண சப்போர்ட் 2024 டிசம்பரோட முடிஞ்சிடுச்சு. அதனால புதுசா பெரிய புராடக்‌ஷனுக்கு இத எடுக்குறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, படிக்கிறதுக்கு யோசிக்கவே வேணாம்.

ஒரு விஷயம், கமாண்ட் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே தர்றேன், டெர்மினல்ல அதோட இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. குளஸ்டர்னு வர்றது எல்லாம் ஜி எழுத்துல தொடங்குறது, சி இல்ல. கோத்தகிரி, மலைன்னு நான் வெச்ச பேரெல்லாம் உங்க இஷ்டப்படி ஸ்பெல் பண்ணிக்கோங்க, ஆனா எல்லா எடத்துலயும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கணும்.

முதல்ல இன்ஸ்டால். மழை காத்துன்னு டவர் படுத்துடறதுக்கு முன்னாடி இத மட்டும் முடிச்சிடுங்க, இதுக்கு மேல நெட்டே தேவையில்ல.

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குளஸ்டர்எஃப்எஸ்-சர்வர் எக்ஸ்எஃப்எஸ்ப்ரோக்ஸ்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் குளஸ்டர்டி

குளஸ்டர்டிங்கறது பின்னாடி ஓடிக்கிட்டே இருந்து குளஸ்டர நடத்துற புரோகிராம். இந்த ரெண்டு டிஸ்ட்ரோலயும் வெர்ஷன் 10 சீரிஸ் வரும். எல்லா கைடுலயும் ஸ்டார்ட்டோட எனேபிளும் பண்ணச் சொல்லுவாங்க, அதாவது பூட் ஆனதும் தானா ஓடணும்னு, நம்ம பிராக்டீஸ் மெஷினுக்கு அது வேணாம், ஏன்னு கீழ வருது. ஏற்கெனவே எனேபிள் ஆகியிருந்தா டிஸேபிள் பண்ணிடுங்க.

அடுத்தது அட்ரஸ், இங்கதான் புதுசா வர்றவங்க நெறைய பேரு மாட்டுறாங்க. குளஸ்டர் ஒவ்வொரு டிஸ்க்கையும் "இந்த மெஷின், இந்த ஃபோல்டர்"னு குறிச்சு வெச்சுக்கும், அதுல லோக்கல்ஹோஸ்ட்டோ 127-ல ஆரம்பிக்கிற அட்ரஸோ குடுத்தா ஏத்துக்காது. சரின்னு மொபைல் ஹாட்ஸ்பாட் குடுத்த ஐபிய போட்டா அடுத்த தடவ கனெக்ட் பண்றப்ப ஐபி மாறிடும், குளஸ்டர்டி எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, லாக்ல "ரிசால்வ் பிரிக் ஃபெயில்ட்"னு ஒரு வரி மட்டும் இருக்கும், அத வெச்சு காரணம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பாதி நாள் போயிடும். அதனால வெளி நெட்வொர்க்கோட சம்பந்தமே இல்லாத ஒரு டம்மி இன்டர்ஃபேஸ நாமளே போட்டுக்கலாம்:

சூடோ ஐபி லிங்க் ஆட் மலை0 டைப் டம்மி
சூடோ ஐபி அட்ரஸ் ஆட் 10.20.30.1/24 டெவ் மலை0
சூடோ ஐபி லிங்க் செட் மலை0 அப்

அப்புறம் ஈடிசி ஃபோல்டர்ல இருக்குற ஹோஸ்ட்ஸ் ஃபைல தொறந்து கடைசியில ஒரு வரி, 10.20.30.1 அப்புறம் ஒரு ஸ்பேஸ் அப்புறம் கோத்தகிரி. சேவ் பண்ணிட்டு பிங் கோத்தகிரின்னு அடிங்க, பதில் வந்தா சரி. இனிமே வைஃபை இருந்தாலும் இல்லாட்டியும், கேபிள் கழண்டாலும் இந்த அட்ரஸ் அசையாது.

இப்ப மூணு டிஸ்க். நெஜமான டிஸ்க் வாங்க வேணாம், மூணு ஃபைல உண்டாக்கி அதையே டிஸ்க்கா மவுண்ட் பண்ணலாம். சும்மா மூணு ஃபோல்டர் வெச்சாலும் ஓடும்தான், ஆனா அப்புறம் டிஸ்க் செத்த மாதிரி, டிஸ்க் ரொம்பின மாதிரி டெஸ்ட் பண்ண முடியாது, அதனால கொஞ்சம் மெனக்கெட்டு இப்படி பண்ணுங்க:

சூடோ எம்கேடிஐஆர் -பி /ஸ்டோர்/பி1
சூடோ டிரங்கேட் -எஸ் 2ஜி /ஸ்டோர்/டிஸ்க்1
சூடோ எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்எஃப்எஸ் /ஸ்டோர்/டிஸ்க்1
சூடோ மவுண்ட் -ஓ லூப் /ஸ்டோர்/டிஸ்க்1 /ஸ்டோர்/பி1
சூடோ எம்கேடிஐஆர் /ஸ்டோர்/பி1/டேட்டா

இதே அஞ்சு வரிய 1-க்கு பதில் 2, அப்புறம் 3 போட்டு திரும்ப ஓட்டுங்க. டிரங்கேட் உண்டாக்குற ஃபைல் 2 ஜிபின்னு காட்டும், ஆனா எழுத எழுதத்தான் நெஜமா எடம் எடுக்கும். கடைசி வரியில டேட்டான்னு ஒரு ஃபோல்டர் உள்ள போட்டோமே, அத தேவையில்லன்னு விட்டுடாதீங்க. குளஸ்டருக்கு நாம குடுக்கப் போறது அந்த உள் ஃபோல்டரத்தான், அதுக்கு பேரு பிரிக். என்னைக்காவது டிஸ்க் மவுண்ட் ஆகாம போச்சுன்னா உள்ள டேட்டா ஃபோல்டரே இருக்காது, குளஸ்டர் அந்த பிரிக்க எழுப்பாது, மெயின் டிஸ்க்ல போயி தப்பா எழுதாது. மவுண்ட் பாயின்ட்டையே நேரா பிரிக்கா குடுத்தா இந்த பாதுகாப்பு போயிடும்.

நம்மூர்ல ஐப்பசி மழையில ஒரு கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது, மெஷின் ஆஃப் ஆயி ஆன் ஆகும், அப்ப டம்மி இன்டர்ஃபேஸும் போயிருக்கும், மூணு மவுண்ட்டும் போயிருக்கும். இதுக்குத்தான் எனேபிள் பண்ண வேணாம்னு சொன்னது. ஐபி லிங்க் மூணு வரி, மவுண்ட் மூணு வரி, கடைசியா சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் குளஸ்டர்டி, இத அப்படியே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டா போட்டு வெச்சுக்கோங்க, ஆன் ஆனதும் அத ஒரு தடவ ஓட்டுனா எல்லாம் சரியான வரிசையில எழுந்திரிக்கும்.

மூணு பிரிக்கையும் சேத்து ஒரே எடமா காட்டுறதுக்கு பேரு வால்யூம், ரெப்ளிகா 3-ன்னா அதுல மூணு காப்பி. வால்யூம் உண்டாக்குற வேலை ரொம்ப சின்னது:

சூடோ குளஸ்டர் வால்யூம் கிரியேட் மலை ரெப்ளிகா 3 கோத்தகிரி:/ஸ்டோர்/பி1/டேட்டா கோத்தகிரி:/ஸ்டோர்/பி2/டேட்டா கோத்தகிரி:/ஸ்டோர்/பி3/டேட்டா

இது எல்லாம் ஒரே வரி. அடிச்சதும் ஃபெயில் ஆகும், பயப்படாதீங்க. ஒரே சர்வர்ல ரெப்ளிகாவோட பல பிரிக் இருக்கு, இது நல்ல அமைப்பு இல்ல, வேற வேற மெஷின்ல வெச்சாத்தான் பாதுகாப்பு, இல்ல இப்படித்தான் வேணும்னா கடைசியில ஃபோர்ஸ் போடுன்னு சொல்லும். அது சொல்றது நூத்துக்கு நூறு சரி. கரண்ட் ஒரு தடவ அடிச்சு மதர்போர்டு போச்சுன்னா மூணு காப்பியும் சேர்ந்தே போகும், அதனால கல்யாண ஃபோட்டோ, ஆபீஸ் கணக்கு எதையும் இதுக்குள்ள வெக்காதீங்க, இது பழகறதுக்கு மட்டும். பழகறதுக்குங்கறதால அதே வரியோட கடைசியில ஃபோர்ஸ் சேத்து திரும்ப அடிங்க. அப்புறம்:

சூடோ குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட் மலை
சூடோ குளஸ்டர் வால்யூம் ஸ்டேட்டஸ் மலை

ஸ்டேட்டஸ்ல மூணு பிரிக்கும் தனித்தனி வரியா வரும், ஆன்லைன்ங்கற எடத்துல ஒய், பக்கத்துல பிஐடி (அந்த பிரிக்க ஓட்டுற பிராசஸோட நம்பர்), போர்ட் நம்பர் 49152-லயோ அதுக்கு மேலயோ இருக்கும். கூடவே செல்ஃப்-ஹீல் டீமன்னு (விட்டுப்போன காப்பிய தானா சரி பண்ற புரோகிராம்) ஒரு வரி, அதுவும் ஒய்யா இருக்கணும், பின்னாடி நம்மள காப்பாத்தப் போறது அதுதான். மூணு பிஐடியையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, சீக்கிரம் தேவைப்படும்.

சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/மலை
சூடோ மவுண்ட் -டி குளஸ்டர்எஃப்எஸ் கோத்தகிரி:/மலை /எம்என்டி/மலை

டிஎஃப் -ஹெச் அடிச்சா மொத்தம் 2 ஜிபி கிட்டதான் காட்டும், 6 இல்ல, ஏன்னா ஒவ்வொரு ஃபைலும் மூணு எடத்துல விழுது. சௌன் கமாண்ட் போட்டு அந்த ஃபோல்டரோட ஓனர உங்க யூசர் பேருக்கு மாத்திக்கோங்க. இதுக்கப்புறம் ஒரு கண்டிப்பான ரூல், எழுதுறது திருத்துறது அழிக்கிறது எல்லாம் எம்என்டி மலை வழியா மட்டும்தான். ஸ்டோர்ல இருக்குற பிரிக் ஃபோல்டருக்குள்ள எட்டிப் பாக்கலாம், கை வெக்கக் கூடாது, நேரா அதுல எழுதுனா குளஸ்டருக்கு அது தெரியாது, காப்பிங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாம குழம்பிடும்.

இப்ப டெஸ்ட்டுக்கு சரக்கு வேணும். ஒரு நூறு எரநூறு ஃபோட்டோவ, கூட ஒரு பெரிய வீடியோவயும், ஒரு டெக்ஸ்ட் ஃபைலயும் மலைக்குள்ள காப்பி பண்ணுங்க. ரொம்ப திணிச்சிடாதீங்க, பாதி எடம் காலியா இருக்கட்டும். அந்த ஃபோல்டருக்குள்ள போயி ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (உள்ள இருக்குறத வெச்சு போடுற, கைரேகை மாதிரி ஒரு நம்பர்) எடுத்து வெளிய, உங்க ஹோம் ஃபோல்டர்ல வைங்க:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் எஸ்ஹெச்ஏ256சம் {} + > ~/கணக்கு

இந்த ஒரு ஃபைல்தான் இனிமே உங்க சாட்சி. ஃபைல் லிஸ்ட் வருது, சைஸ் சரியா இருக்குன்னு பாத்து திருப்திப்படாதீங்க, உள்ள இருக்குறது மாறியிருந்தா லிஸ்ட்ல தெரியாது, எஸ்ஹெச்ஏ256சம் -சி ~/கணக்கு அடிச்சு எல்லா வரியும் ஓகே வந்தாத்தான் கணக்கு. பி1, பி2, பி3 மூணுக்குள்ளயும் எல்எஸ் அடிச்சுப் பாருங்க, அதே ஃபைலுங்க முழுசா இருக்கும், எல்எஸ் -ஏ போட்டா டாட் குளஸ்டர்எஃப்எஸ்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டரும் இருக்கும், அது குளஸ்டரோட சொந்த கணக்கு, தொடாதீங்க.

முதல் டெஸ்ட், ஒரு பிரிக் பட்டுனு சாகுறது. ரெண்டாவது பிரிக்கோட பிஐடிய எடுத்து சூடோ கில் -9. எம்என்டி மலையில எதுவுமே ஆகாத மாதிரி இருக்கும், ஃபைல் தொறக்கும், வீடியோ ஓடும். அந்த நெலமையில புதுசா பத்து ஃபைல் போடுங்க, ஏற்கெனவே இருக்குற ஒரு டெக்ஸ்ட் ஃபைலயும் திருத்துங்க (திருத்துன ஃபைல் மட்டும் பின்னாடி செக்சம்ல ஒத்து வராது, அது சரிதான்). இப்ப பி2-க்குள்ள பாத்தா புது ஃபைல் இருக்காது, பி1, பி3-ல இருக்கும். அடுத்தது

சூடோ குளஸ்டர் வால்யூம் ஹீல் மலை இன்ஃபோ

பி1 கீழயும் பி3 கீழயும் பாக்கி ஃபைல் லிஸ்ட் வரும், அதாவது பி2-க்கு இன்னும் குடுக்க வேண்டியது இவ்வளவுன்னு இவங்க ரெண்டு பேரும் எழுதி வெச்சிருக்காங்க. பி2 கீழ கனெக்ட் ஆகலன்னு இருக்கும். செத்தத எழுப்ப குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட் மலை ஃபோர்ஸ், ஏற்கெனவே ஓடுற பிரிக்க அது தொடாது, விழுந்தத மட்டும் எழுப்பும். எழுந்ததும் செல்ஃப்-ஹீல் டீமன் தானா வேலைய ஆரம்பிக்கும், ஹீல் இன்ஃபோவ கொஞ்ச நேரம் விட்டு விட்டு அடிச்சுப் பாருங்க, பாக்கி கொறஞ்சு கொறஞ்சு மூணுலயும் என்ட்ரீஸ் 0 வரும். அந்த 0 வர்ற வரைக்கும் அடுத்த டெஸ்ட்டுக்கு போகாதீங்க, நெஜ சர்வர்லயும் இதே பழக்கம் வேணும், ஒண்ணு முழுசா ஆறாம இன்னொண்ண ரீபூட் பண்றதாலதான் பாதி விபத்து நடக்குது.

ரெண்டாவது டெஸ்ட், ரெண்டு பிரிக்க ஒரே நேரத்துல கொல்லுங்க. மறுபடி ஸ்டேட்டஸ் பாத்து பிஐடி எடுங்க, பி2-வோடது மாறியிருக்கும். இப்ப எழுதப் பாத்தா எரர் அடிச்சு மறுத்துடும். ஒண்ணுதான் உயிரோட இருக்கே, அதுல எழுதினா என்னன்னு தோணும். தேயிலை ஃபேக்டரிக்கு போடுற பச்சை இலை எடைய நம்ம பாஸ்புக்லயும் ஏஜென்ட் நோட்லயும் ஃபேக்டரி ரிஜிஸ்டர்லயும் எழுதறாங்க இல்லையா, ரெண்டு எடத்துல ஒரே எடை இருந்தா மூணாவது தப்புன்னு தைரியமா திருத்தலாம், ஆனா ஒருத்தர் மட்டும் தனியா எழுதி, இன்னொருத்தர் வேற எதையோ எழுதி வெச்சா எது நெஜம்னு யாராலயும் சொல்ல முடியாது. குளஸ்டர்ல அந்த நெலமைக்கு ஸ்பிளிட்-பிரெய்ன்னு பேரு. மூணுல கொறஞ்சது ரெண்டு இருந்தாத்தான் எழுத விடுவேன்னு அது அடம் புடிக்கிறது நம்ம நல்லதுக்குத்தான். ரெப்ளிகா 2 மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, எடம் பத்தலன்னா ரெப்ளிகா 3-லயே ஒண்ண ஆர்பிட்டரா போடுற வழி இருக்கு, அது ஃபைலோட பேரையும் விவரத்தையும் மட்டும் வெச்சுக்கும், டேட்டா வெக்காது. ஸ்டார்ட் ஃபோர்ஸ் போட்டு ரெண்டையும் எழுப்பி, ஹீல் 0 ஆகற வரைக்கும் விடுங்க.

மூணாவது டெஸ்ட்ட நெறைய பேரு பண்றதே இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. கில் -9 போட்டா கனெக்‌ஷன் அந்த செகண்டே அறுந்துடும், மத்தவங்களுக்கு தெரிஞ்சிடும். ஆனா நெஜத்துல சுவிட்ச்சுக்கு கரண்ட் போறப்ப, கேபிள் அறுந்து போறப்ப அப்படி இல்ல, எதிர்ல பதிலே வராது, செத்தானா இருக்கானான்னு தெரியாது. அத ஒரே மெஷின்ல கொண்டு வர சூடோ கில் -ஸ்டாப் போட்டு பிஐடி குடுங்க, பிராசஸ் சாகாம அப்படியே ஒறஞ்சு நிக்கும். இப்ப எம்என்டி மலையில ஒரு ஃபைல் எழுதப் பாருங்க, டெர்மினல் அப்படியே தொங்கும். கன்ட்ரோல்-சி அடிக்காம பொறுமையா வாட்ச் பாருங்க, டீஃபால்ட் பிங்-டைம்அவுட் 42 செகண்ட், அது முடிஞ்சதும் அந்த பிரிக்க விட்டுட்டு மத்த ரெண்ட வெச்சு வேலை தானா தொடரும். இத ஒரு தடவ கண்ணால பாத்தவங்க பின்னாடி வேலைக்கு போற எடத்துல சர்வர் தொங்குச்சுன்னா பதறி ரீபூட் பட்டன அமுக்க மாட்டாங்க. கில் -கன்ட் போட்டா ஒறஞ்சது திரும்ப ஓடும், கனெக்ட் ஆகும், ஹீல் ஆகும். நெட்வொர்க் டாட் பிங்-டைம்அவுட்ட வால்யூம் செட் கமாண்ட்ல கொறச்சுக்கலாம், ஆனா ரொம்ப கொறச்சா சின்ன தடங்கலுக்கெல்லாம் கனெக்‌ஷன் அறுந்து திரும்ப சேர்ற வேலையே பெருசா போயிடும். பிரிக் ஒறஞ்சிருக்கறப்ப ஸ்டேட்டஸ் கமாண்டும் மாட்டிக்கலாம், அதுக்குத்தான் பிஐடிய முன்னாடியே எழுதிக்கச் சொன்னது.

நாலாவது, டிஸ்க்கே முழுசா போயி புது டிஸ்க் மாத்துறது.

சூடோ குளஸ்டர் வால்யூம் ரீசெட்-பிரிக் மலை கோத்தகிரி:/ஸ்டோர்/பி3/டேட்டா ஸ்டார்ட்

இது பி3-ய நிறுத்தும். அப்புறம் பி3-ய அன்மவுண்ட் பண்ணி, டிஸ்க்3 ஃபைல ஆர்எம் போட்டு அழிச்சிட்டு, மேல சொன்ன மாதிரியே புது டிஸ்க்3, எக்ஸ்எஃப்எஸ், மவுண்ட், டேட்டா ஃபோல்டர். உள்ள ஒண்ணுமே இல்ல இப்ப. பிறகு அதே ரீசெட்-பிரிக் கமாண்ட், ஆனா கோத்தகிரி:/ஸ்டோர்/பி3/டேட்டாவ ரெண்டு தடவ எழுதி (பழசு, புதுசு) கடைசியில கமிட் ஃபோர்ஸ். காலியா இருந்த டிஸ்க்ல ஃபைலுங்க வந்து விழுறத எல்எஸ் போட்டு பாத்துக்கிட்டே இருக்கலாம், மந்தமா இருந்தா குளஸ்டர் வால்யூம் ஹீல் மலை ஃபுல்லுன்னு அடிங்க. 0 ஆனதும் முதல்ல எம்என்டி மலையில செக்சம் ஓட்டுங்க, அப்புறம் ரூட்டா பி3 டேட்டா ஃபோல்டருக்குள்ள போயி அதே கணக்கு ஃபைல வெச்சு திரும்ப ஓட்டுங்க. திருத்துன அந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தவிர எல்லாம் ஓகே வந்தா, ஒரு டிஸ்க் முழுசா போயும் ஒரு பைட் கூட போகலைங்கறத நீங்களே நிரூபிச்சிட்டீங்க.

எதாவது ஒட்டலன்னா /வார்/லாக்/குளஸ்டர்எஃப்எஸ் ஃபோல்டர்ல பாருங்க, குளஸ்டர்டிக்கு ஒரு லாக், பிரிக்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொரு பிரிக்குக்கும் ஒண்ணு, மவுண்ட்டுக்கு அதோட பாத் பேர்லயே ஒண்ணு. ஸ்பீடு டெஸ்ட் மட்டும் இதுல பண்ணாதீங்க, நீங்க எழுதுற 1 ஜிபி ஒரே ஹார்டு டிஸ்க்ல 3 ஜிபியா போகுது, வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல.

இது முடிஞ்சதும் அடுத்த கேள்வி தானா வரும், குன்னூர் கடையில ஒண்ணு, கோத்தகிரி வீட்ல ஒண்ணு, ஊட்டியில ஒண்ணுன்னு மூணு மெஷின் வெச்சு இதே ரெப்ளிகா போடலாமான்னு. வேணாங்க. ரெப்ளிகாவுல ஒவ்வொரு தடவ எழுதறப்பவும் எல்லா பக்கத்துலருந்தும் பதில் வந்து சேரணும், நம்ம மலை இன்டர்நெட்ல அது நத்தை வேகத்துல போகும், லைன் விட்டு விட்டு வர்றப்ப ஹீல் ஓடிக்கிட்டே இருக்கும். ரெப்ளிகா ஒரே கட்டடத்துக்குள்ள, ஒரே சுவிட்ச்சுல இருக்கட்டும். வெளியூருக்கு காப்பி அனுப்ப ஜியோ-ரெப்ளிகேஷன்னு தனியா இருக்கு, அது பின்னாடி மெதுவா அனுப்பும், இங்க எழுதறவங்கள காக்க வெக்காது.

எல்லாத்தையும் கலைக்கணும்னா முதல்ல எம்என்டி மலைய அன்மவுண்ட், அப்புறம் குளஸ்டர் வால்யூம் ஸ்டாப் மலை, குளஸ்டர் வால்யூம் டிலீட் மலை, பிறகு பி1 பி2 பி3 அன்மவுண்ட். திரும்ப புதுசா தொடங்கறப்ப பழைய டேட்டா ஃபோல்டரயே குடுத்தா இது ஏற்கெனவே ஒரு வால்யூம்ல இருக்குன்னு சொல்லி மறுக்கும், ஏன்னா ஃபோல்டர் மேல பழைய வால்யூமோட அடையாளம் ஒட்டியிருக்கும். அத தேடி அழிச்சுக்கிட்டு இருக்காம மூணு டிஸ்க் ஃபைலயும் அழிச்சு டிரங்கேட்லருந்து மறுபடி போட்டுடுங்க, அஞ்சே நிமிஷம்.